உங்கள் இதயத்துக்கு எந்த வால்வு?

உலோக வால்வா, திசு வால்வா? ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டியவை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவுதான் ஊரின் தொழில். இழையைத் தொட்டுப் பார்த்தே பட்டின் தரத்தைச் சொல்லிவிடுகிற நெசவாளர்கள் வாழும் ஊர். இங்கே நெய்யும் சேலையை வாங்க வருகிற குடும்பங்களும் லேசுப்பட்டவை அல்ல. ஒரு முகூர்த்தப் புடவைக்கு உடல் நிறம் என்ன, பார்டர் எவ்வளவு அகலம், ஜரிகை அசலா, கோர்வை போட்டதா என்று அத்தனையும் கேட்டுத்தான் பணத்தை எடுக்கிறார்கள்.

நெய்கிறவர் வீட்டிலோ வாங்குகிறவர் வீட்டிலோ ஒருவருக்கு, ‘இதய வால்வு கெட்டுப்போயிருக்கு, மாத்தணும்’ என்று டாக்டர் சொல்லட்டும். ‘எந்த வால்வு வைக்கப் போறீங்க?’ என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? ‘நீங்களே பாத்து நல்லபடியா செய்யுங்க’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியில்தான் அடுத்த 20, 30 ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா, மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டுமா, பிள்ளை பெறுவதில் சிக்கல் வருமா, இன்னொரு முறை நெஞ்சைத் திறக்க நேருமா என்பதையெல்லாம் பெரும்பாலும் உள்ளே வைக்கப்படும் வால்வின் வகைதான் தீர்மானிக்கிறது.

தொண்டையில் தொடங்கும் நோய்

நம் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதற்குள் நான்கு வால்வுகள். ரத்தத்தை முன்னோக்கி மட்டும் போகவிட்டு, திரும்பி வர விடாமல் மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவுகள் அவை. அதிகம் கெடுவது இடது பக்கம் உள்ள இரண்டுதான். நுரையீரலிலிருந்து வந்த ரத்தத்தை இதயத்தின் கீழறைக்கு விடுவது மைட்ரல் வால்வு. அங்கிருந்து உடம்பு முழுவதற்கும் அனுப்பிவைப்பது அயோர்டிக் வால்வு.

வால்வு சுருங்கிப்போனால் ரத்தம் போக வழி குறைகிறது. சரியாக மூடாவிட்டால் போன ரத்தம் பின்னால் கசிகிறது. எதுவானாலும் இதயம் கூடுதலாக உழைத்து உழைத்துக் களைத்துவிடுகிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, மல்லாந்து படுத்தால் திணறுவது, நெஞ்சு படபடப்பது, கால் வீங்குவது, நடக்கும்போது தலைசுற்றி விழுவது எல்லாம் அதன் அறிகுறிகள். ஒரு எக்கோ பரிசோதனை வால்வின் நிலையைத் தெளிவாகக் காட்டிவிடும்.

மேலை நாடுகளில் வால்வு நோய் பெரும்பாலும் முதுமையில், சுண்ணாம்புச் சத்து படிந்து வருகிறது. நம் நாட்டிலோ இளம் வயதிலேயே வால்வு கெட முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப் புண் வருகிறது. சரியான சிகிச்சை கிடைக்காவிட்டால், சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தொடரலாம். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் பாதுகாப்புப் படை, ஆள் தெரியாமல் இதய வால்வையே தாக்குகிறது. மூட்டு வீக்கம் சுவடில்லாமல் ஆறிவிடும். வால்வில் விழுந்த தழும்பு மட்டும் உள்ளே இருந்துகொண்டு, 20 வயதிலோ 30 வயதிலோ மூச்சுத் திணறலாக வெளியே வரும். நெருக்கமான வீடுகளில், பலர் ஒரே அறையில் படுக்கும் குடும்பங்களில் இந்தக் கிருமி எளிதாகப் பரவுகிறது. ஏழைகளை அதிகம் தாக்கும் நோய் இது.

நோயாளிகள் இளையவர்களாக இருப்பதால்தான் எந்த வால்வு என்ற கேள்வி நமக்குக் கடினமாகிறது. 75 வயதுக்காரருக்கு 15 ஆண்டு உழைக்கும் வால்வு போதும். 25 வயதுக்காரருக்கு அது போதாது.

மாற்றுவதற்கு முன்

கெட்ட வால்வையெல்லாம் உடனே மாற்ற வேண்டியதில்லை. சுருங்கிய மைட்ரல் வால்வின் அமைப்பு ஒத்துழைத்தால், தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனை ஊதி விரித்துவிடலாம். ஜப்பானின் கன்ஜி இனோயே 1980-களில் உருவாக்கிய இந்தச் சிகிச்சை, நெஞ்சைத் திறக்காமலே இந்தியாவில் ஏராளமானோருக்குப் பல ஆண்டு நிம்மதியைத் தந்திருக்கிறது. கசியும் மைட்ரல் வால்வைச் சில சமயம் தைத்துச் சீராக்கவும் முடியும். சொந்த வால்வுக்கு ஈடான செயற்கை வால்வு இதுவரை வரவில்லை. எனவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதைச் சரிசெய்ய முடியுமா, மாற்றியே ஆக வேண்டுமா?’ என்பதுதான்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், நெஞ்செலும்பைப் பிளந்து, ரத்த ஓட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைத்து, இதயத்தை நிறுத்திவைத்துச் செய்யும் பெரிய ஆபரேஷன். கெட்ட வால்வை வெட்டி எடுத்த இடத்தில் புதியதைத் தைக்கிறார்கள். செயற்கை வால்வைச் சுற்றி ஒரு துணி வளையம் இருக்கும். அதன் வழியாகத்தான் ஊசி நூல் ஓடுகிறது. சில மாதங்களில் உடம்பின் திசு அந்தத் துணிக்குள் வளர்ந்து, வால்வை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

பந்திலிருந்து இதழ் வரை

1952-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹஃப்நேகல், பிளாஸ்டிக் கூட்டுக்குள் பந்து வைத்த வால்வை ஒரு நோயாளியின் மகா தமனியில் பொருத்தினார். இதயத்துக்குள் போய் வால்வை மாற்ற அப்போது வழியில்லை. இதய-நுரையீரல் இயந்திரம் வந்த பின்னர், 1960-இல் ட்வைட் ஹார்க்கன் அயோர்டிக் வால்வையும், ஆல்பர்ட் ஸ்டார் மைட்ரல் வால்வையும் மாற்றினார்கள். ஸ்டாருக்குத் துணை நின்றவர் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர். கம்பிக் கூண்டுக்குள் சிலிக்கோன் பந்து ஏறி இறங்கும் அந்த ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு உலகமெங்கும் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றியது. ஆனால் உருவத்தில் பெரியது. ரத்தம் உறையும் ஆபத்தும் அதிகம்.

அடுத்து வந்தது சாய்தட்டு வால்வு. வளையத்துக்குள் ஒரே ஒரு வட்டத் தட்டு சாய்ந்து திறக்கும், நிமிர்ந்து மூடும். 1969-இல் வந்த பியார்க்-ஷைலி வால்வு இந்த வகையில் புகழ்பெற்றது. ஆனால் அதன் பிந்தைய மாடல் ஒன்றில், பற்றவைத்த கம்பி இதயத்துக்குள்ளேயே உடைந்து தட்டு கழன்று ஓடியது. நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு அப்படி நேர்ந்தது, பலர் இறந்தார்கள். 1986-இல் அந்த மாடல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. வால்வு செய்கிற ஒவ்வொருவரும் மறக்கக் கூடாத பாடம் அது.

1977-இல் செயின்ட் ஜூட் நிறுவனத்தின் இரட்டை இதழ் வால்வு வந்தது. இரண்டு அரைவட்டத் தகடுகள் கதவின் இரு பலகைபோல் விலகி வழிவிடும். செய்யும் பொருள் பைரோலிட்டிக் கார்பன். அணு உலை எரிபொருள் துகள்களுக்குப் பூச்சாகப் பயன்பட்ட இந்தக் கரிமப் பொருள் எளிதில் தேயாது, அதன்மேல் ரத்தமும் எளிதில் உறையாது. பேச்சுவழக்கில் இதையும் உலோக வால்வு என்றே சொல்கிறோம். இன்று உலகில் பொருத்தப்படும் உலோக வால்வுகளில் பெரும்பாலானவை இந்த இரட்டை இதழ் வகைதான்.

விலங்குத் திசுவில் செய்யும் வால்வுகள் இன்னொரு பாதையில் வளர்ந்தன. 1960-களின் இறுதியில் பிரெஞ்சு மருத்துவர் அலென் கார்பென்டியே, பன்றியின் இதய வால்வை குளுடரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்தி, மனித உடல் ஏற்கும்படி செய்தார். பின்னர் மாட்டின் இதய உறையை வெட்டி இதழ்களாகத் தைத்த வால்வுகளும் வந்தன. இவை மனித வால்வைப் போலவே மூன்று இதழ்களாக, சத்தமில்லாமல் திறந்து மூடுகின்றன.

திருவனந்தபுரத்தின் வால்வு

இந்தப் பட்டியலில் நாம் பெருமையுடன் சேர்க்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: சித்ரா வால்வு.

1970-களில் இந்தியாவில் வால்வு மாற்ற வேண்டிய ஏழைக்கு இரண்டே வழிதான். வெளிநாட்டு வால்வின் விலையைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். இதை மாற்ற நினைத்தவர் மாவேலிக்கரையில் பிறந்த டாக்டர் எம்.எஸ்.வலியத்தான். அமெரிக்காவில் ஹஃப்நேகலிடம் பயிற்சி பெற்றவர். நாடு திரும்பிய பின் சென்னை ஐ.ஐ.டி.யில் சிறிது காலம் பணியாற்றினார். 1974-இல் கேரள அரசின் அழைப்பை ஏற்று, திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தைக் கட்டியெழுப்பப் போனார். திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த பூஜப்புரை அரண்மனையில், பொறியாளர்களும் மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யும் கூடம் உருவானது. பொறியாளர் ஜி.எஸ்.புவனேஸ்வர் வால்வுத் திட்டத்தை வழிநடத்தினார்.

எடுத்த எடுப்பில் வெற்றி கிடைக்கவில்லை. முதல் மூன்று மாடல்களும் தோற்றன. டைட்டானியம் தேய்ந்தது. நீலக்கல் படிகத்தில் செய்த தட்டு உடைந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காரணத்தைக் கண்டுபிடித்து, பொருளை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இதயம் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி முறை துடிக்கும். பத்தாண்டுத் துடிப்பை இயந்திரத்தில் வேகமாக ஓட்டிப் பார்த்து, தேய்மானத்தை அளந்து, விலங்குகளில் சோதித்த பின்னரே மனிதருக்குக் கொண்டுவந்தார்கள்.

வெற்றி பெற்ற நான்காவது மாடல் சாய்தட்டு வகை. கூண்டு, கோபால்ட்-குரோமியம் கலந்த ஹேய்ன்ஸ்-25 என்ற உலோகக் கலவை. ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது, பற்றவைப்பே கிடையாது. பியார்க்-ஷைலி வால்வு உடைந்த இடம் எதுவோ, அந்த இடமே இதில் இல்லை. தட்டு, மிக உயர்ந்த மூலக்கூறு எடைகொண்ட ஒருவகை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். மூடும்போது எழும் சத்தம் குறைவு. தையல் வளையம், பாலியெஸ்டர் துணி.

1990 டிசம்பர் 6 அன்று முதல் சித்ரா வால்வு மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. ஆறு மருத்துவமனைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்து, முடிவுகள் உலகத் தரத்துக்கு ஒப்பாக இருப்பது உறுதியான பின்னர் வணிக உற்பத்தி தொடங்கியது. தயாரிக்கும் பொறுப்பைச் சென்னையின் டி.டி.கே. நிறுவனம் ஏற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான டி.டி.கே. சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இறக்குமதி வால்வுகளைவிட விலை மிகக் குறைவு. 2024 ஜூலையில் வலியத்தான் காலமானார். அவருடைய வால்வு இன்று பல்லாயிரம் இந்திய நெஞ்சுகளில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

உள்நாட்டு வால்வு என்றால் இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. இரட்டை இதழ் வால்வில் ரத்தம் போகும் வழி சற்றுத் தாராளம். சிறிய அளவு வால்வு வைக்க நேரும்போது அது பயன் தரும். ஆனால் மாத்திரை, பரிசோதனை, கட்டுப்பாடு எல்லாம் எந்த உலோக வால்வுக்கும் ஒன்றுதான். விலை கூடிய வெளிநாட்டு வால்வை வாங்கிவிட்டு மாத்திரையைச் சரியாகப் போடாதவரைவிட, சித்ரா வால்வை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தவறாமல் போடுபவர் பத்திரமாக இருப்பார்.

உலோக வால்வு: ஆயுள் கெட்டி, மாத்திரை கட்டாயம்

உலோக வால்வின் பெரிய பலம் அதன் உழைப்பு. 20, 30 ஆண்டுகள், அதற்கு மேலும் உழைக்கும். பெரும்பாலோருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படாது.

அதன் விலை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்ற பெயரில் விற்கும் அசினோகூமரால். ஒரு நாள் விடாமல், வாழ்நாள் முழுவதும். மாத்திரை குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து தட்டு சிக்கிக்கொள்ளும். உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். மாத்திரை கூடினால் ரத்தக்கசிவு. அளவு சரியா என்று காட்டுவதுதான் பி.டி.-ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை. சாதாரண மனிதருக்கு இந்த அளவு ஒன்றை ஒட்டி இருக்கும். அயோர்டிக் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2.5 அளவிலும், மைட்ரல் இடத்தில் வைத்தவருக்கு 3 அளவிலும் நிற்க வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடியும், நிலைபெற்ற பின் மாதம் ஒருமுறையும் பார்க்க வேண்டும். கவனமாக மாத்திரை போடுபவர்களிலும் ஆண்டுக்கு நூறில் ஓரிருவருக்குக் கடுமையான ரத்தக்கசிவோ உறைகட்டியோ வரலாம்.

பரிசோதனை தேவைப்படாத புதிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் வந்துவிட்டனவே, அதைப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. உலோக வால்வு வைத்தவர்களிடம் டாபிகாட்ரான் மாத்திரையைச் சோதித்த ஆய்வு, ஆபத்து கூடியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டு 2013-இல் முடிவு வெளியானது. அபிக்ஸாபான் ஆய்வுக்கும் 2022-இல் அதே கதிதான்.

கீரை சாப்பிடவே கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். அதுவும் சரியல்ல. கீரையில் உள்ள வைட்டமின் கே, மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஒரு வாரம் முழுக்க முருங்கைக்கீரை, அடுத்த மாதம் முழுக்க ஒன்றுமில்லை என்று மாறி மாறிச் சாப்பிடுவதுதான் சிக்கல். ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால், டாக்டர் அதற்கேற்ப மாத்திரையை அமைத்துக்கொள்வார். உண்மையான ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. உடம்பு வலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், வயிற்றுப்போக்குக்குப் போடும் மெட்ரோனிடசோல், பெயர் தெரியாத நாட்டு மருந்துப் பொடி எதுவும் ரத்தக்கசிவை வரவழைக்கலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ, உறைவுத் தடுப்பு மாத்திரையின் வேலையையே அடக்கிவிடும். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து இடுப்பும் தோளும் வலிக்கிற நெசவாளர், வலி மாத்திரையின் இந்த ஆபத்தைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

திசு வால்வு: நிம்மதி உண்டு, நாள் எண்ணிக்கையும் உண்டு

திசு வால்வு வைத்தவருக்கு, முதல் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ மட்டும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை போதும். அதன்பின் பெரும்பாலும் ஆஸ்பிரின். ஐ.என்.ஆர். அலைச்சல் இல்லை, ரத்தக்கசிவு பயம் குறைவு, நெஞ்சுக்குள் டிக் டிக் சத்தமும் இல்லை.

குறை, அது தேய்ந்துபோவது. முதியவருக்கு 10 முதல் 15 ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் உழைக்கும். இளையவரின் உடம்பில் சுண்ணாம்பு வேகமாகப் படிந்து சீக்கிரமே கெட்டுவிடும். அப்போது மறுபடி ஆபரேஷன். இரண்டாம் முறை நெஞ்சைத் திறப்பது முதல் முறையைவிடச் சிரமமானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ருமாட்டிக் மைட்ரல் நோயாளிகள் பலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி ஓடும். அவர்களுக்கு எந்த வால்வு வைத்தாலும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டியிருக்கும். அப்படியானால் திசு வால்வின் முக்கிய லாபமே போய்விடுகிறது. இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

திசு என்பது பன்றியினுடையதா, மாட்டினுடையதா என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரத்தில் சைவ உணவுக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் இதை மனதில் வைத்துத் தயங்கலாம். உயிர் காக்கும் அவசியத்துக்கு ஏற்கலாம் என்று பல மத அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். முடிவு நோயாளியுடையது. சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனையுடையது.

நெஞ்சைத் திறக்காமல்

2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் க்ரிபியே, தொடை வழியாகச் செலுத்திய குழாயின் மூலமே அயோர்டிக் வால்வைப் பொருத்திக் காட்டினார். டாவி எனப்படும் இந்த முறை இன்று முதியவர்களுக்குப் பெரிய வரம். குஜராத்தின் வாபியில் உள்ள மெரில் நிறுவனம் தயாரிக்கும் மைவால் என்ற இந்திய வால்வும் 2018 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. தேய்ந்த திசு வால்வுக்குள்ளேயே புதிய வால்வை இப்படிப் பொருத்தவும் முடிகிறது. ஆனால் செலவு பல லட்சம். உள்ளே வைப்பதும் திசு வால்வுதான். ருமாட்டிக் நோயால் மைட்ரல் கெட்ட இளைஞருக்கு இது பொதுவான வழியாக இன்னும் வளரவில்லை.

யாருக்கு எது?

அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2020-இல் தந்த வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது: அயோர்டிக் வால்வுக்கு 50 வயதுக்குக் கீழே உலோகம், 65-க்கு மேலே திசு, இடைப்பட்டவர்களுக்குப் பேசி முடிவு. மைட்ரல் வால்வைச் சீராக்க முடியாதபோது, 65 வயதை எல்லையாக வைக்கிறார்கள். வயது ஒரு தொடக்கப் புள்ளி. அதற்கு மேல் நம் ஊர் வாழ்க்கையைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஐயம்பேட்டையில் 40 வயது நெசவாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழக்க வழக்கம் ஒழுங்கு, மாதம் ஒருமுறை பரிசோதனைக்குப் போய்வர முடியும், வீட்டில் மாத்திரையை நினைவுபடுத்த ஆள் உண்டு. அவருக்கு உலோக வால்வே ஏற்றது. சித்ரா வால்வு தாராளமாகப் போதும்.

அதே தெருவில் 70 வயது மூதாட்டி. நினைவாற்றல் குறைந்துவருகிறது, இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறார். அவருக்கு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைவிட மோசமான எதிரி இல்லை. திசு வால்வுதான் சரி.

மூன்றாவதாக, திருமணமான 24 வயதுப் பெண். மூன்று பேரில் கடினமான முடிவு இவருடையது. வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். கருவுற்ற 6 முதல் 12 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். அளவு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் அந்த ஆபத்து குறைகிறது. மாத்திரைக்குப் பதில் ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் குழந்தைக்கு நல்லது, தாயின் வால்வில் உறைவு ஆபத்து கூடும். திசு வால்வு வைத்தால் பிரசவம் எளிது, ஆனால் 30 வயதுகளிலேயே மறு ஆபரேஷன் வரலாம். இரண்டையும் தட்டில் வைத்து, கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பேச வேண்டும். ‘ஆபரேஷன் ஆயிடுச்சு, இனிமே பிள்ளையைப் பத்தி யோசிக்காதே’ என்று மாமியார் வீட்டார் முடிவெடுப்பதோ, வால்வின் வகையே தெரியாமல் அவர் கருவுறுவதோ நடக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. என் வால்வைப் பலூன் மூலமோ தையல் மூலமோ சரிசெய்ய முடியாதா?
2. எந்த வகை வால்வு வைக்கிறீர்கள்? என் வயதுக்கு அது ஏன்?
3. அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று எதிர்பார்க்கலாம்?
4. எனக்கு எவ்வளவு காலம் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டும்? என் ஐ.என்.ஆர். எந்த அளவில் இருக்க வேண்டும்?
5. என் ஊருக்குப் பக்கத்தில் அந்தப் பரிசோதனையை எங்கே செய்துகொள்ளலாம்?
6. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் என்ன செய்வது?
7. வால்வின் பெயர், அளவு, வரிசை எண் எழுதிய அட்டையைத் தருவீர்களா?

அந்த அட்டையை ஆதார் அட்டைபோல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். பல் வேலைக்கு முன் வால்வில் கிருமி தொற்றாமலிருக்க ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென மூச்சுத் திணறல், வழக்கமாகக் கேட்கும் டிக் சத்தம் மங்குதல், வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல் இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

பணம் தடையாக வேண்டாம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்று ஆபரேஷன் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இருந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை எடுத்துவிடலாம். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

ஆபரேஷனோடு செலவு முடிவதில்லை. தறியில் கூலிக்கு நெய்பவர் ஐ.என்.ஆர். பார்க்கப் போகும் நாளில் கூலி போகிறது. ஒரு மாதம் தள்ளிப் போடுவார், பிறகு இரண்டு மாதம். வால்வு அடைத்துக்கொள்வது இப்படித்தான். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, சில நிமிடத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடி ஆள் அனுப்பும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்து அரசு பொருத்திக் கொடுத்த வால்வைக் காக்க, அந்தத் திட்டத்தில் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தக் கருவி இருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்டை வலியும் காய்ச்சலுமாகப் பிள்ளை சுருண்டு படுத்தால், கஷாயத்தோடு விட்டுவிடாதீர்கள்; டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வீங்கி, ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்கு வலி தாவினால் எக்கோ எடுத்துப் பாருங்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியானால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை ஆண்டுக்கணக்கில் விடாமல் போடுங்கள். உலகின் எந்தச் செயற்கை வால்வும், அந்த ஊசி காப்பாற்றித் தரும் சொந்த வால்வுக்கு ஈடாகாது.